எண்பத்தெட்டுக் கட்டை, ஒரு வாத்தியார்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: வயது வந்தபின் பியானோ கற்றுக்கொள்வது. ஆகவே அரசியல், சினிமா கேள்விகளுக்கு இந்த இதழில் விடுமுறை.

வங்கி ஊழியர், திருச்சி
கே: நாற்பது வயதில் பியானோ கற்றுக்கொள்ள வாத்தியார் அவசியமா? ஒரே வரியில் பதில் தேவை.
ப: கற்றுக்கொள்ள அவசியமில்லை, தப்பாகக் கற்றுக்கொள்ளாமல் இருக்க அவசியம்.

ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு
கே: யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. மாதா மாதம் ஃபீஸ் கட்டுவானேன்?
ப: என்ன செய்ய வேண்டும் என்று வீடியோ காட்டும். நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சி மேஜர் ஸ்கேலையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஸ்வரம், ஐந்து விரல். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என மூன்று ஸ்வரம் முடிந்ததும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து நாலாவது ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். வீடியோவில் இதைக் காட்டப் பத்து வினாடி போதும். உங்கள் கையில் நடப்பது வேறு. முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு மேலே எழும்பும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கட்டைவிரல் தொப்பென்று விழ, அந்த நாலாவது ஸ்வரம் மட்டும் உரக்கக் கேட்கும். உங்கள் காதில் அது விழாது, ஏனென்றால் கவனமெல்லாம் விரலில் இருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் முழங்கையை ஒரே ஒரு விரலால் கீழே இறக்கிவிட்டு, "இப்போ வாசிங்க" என்பார். ஃபீஸ் அந்த ஒரு விரலுக்கு.

மென்பொருள் பொறியாளர், கோவை
கே: நான் ஆப் வைத்துத்தான் கற்கிறேன். தப்பான கட்டையை அழுத்தினால் உடனே சொல்லிவிடுகிறதே?
ப: சொல்லும். மைக் வழியாகவோ கேபிள் வழியாகவோ எந்தக் கட்டை, எந்த நேரத்தில் என்று கணக்கெடுக்கும். அந்த வேலையில் அது மனிதரைவிடக் கறார். தோள் காதுவரை ஏறியிருப்பதும், சுண்டுவிரல் படுத்துக்கொண்டு வாசிப்பதும், நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதன் கணக்கில் வராது. இன்னொன்று, ஆப் உங்களைச் சதா பாராட்டிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டியவரை யார் திட்டுவார்? வாத்தியாரும் காசு வாங்குகிறார், இருந்தும் திட்டுகிறார். அந்த நேர்மைக்கு மரியாதை கொடுங்கள்.

இல்லத்தரசி, மதுரை
கே: என் கணவர் தினமும் இரவு பதினொரு மணிக்கு ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆசிரியர் தேவையா?
ப: முதலில் ஹெட்போன் தேவை. டிஜிட்டல் வாத்தியமென்றால் முன்னாலோ பின்னாலோ அதற்கென்று துளை இருக்கும். நீங்களே செருகிவிடுங்கள். அதன் பிறகும் நீங்கள் தூங்கவில்லை என்றால், அவர் ஏதோ நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்
கே: வயது அறுபத்திரண்டு. இனி விரல் வளையுமா?
ப: விரல் வளையும். "எனக்குத் தெரியாததா" என்கிற எண்ணம் வளைந்தால் போதும், டீச்சர். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுபதிலிருந்து எண்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். கவனம், உடனடி நினைவாற்றல் சார்ந்த சில சோதனைகளில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். அவர்களை ஆளுக்கொரு கீபோர்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை. தனித்தனியாக உட்கார வைத்துக் கற்பித்தார்கள். வீட்டுப்பாடமும் இருந்தது. இத்தனை வருஷம் நீங்கள் கொடுத்ததை இனி நீங்கள் செய்ய வேண்டும்.

சினிமா ரசிகர், தேனி
கே: எங்கள் ஊர்க்காரர் இளையராஜா யாரிடமும் கற்காத சுயம்புதானே?
ப: அப்படிச் சொல்வது அவரையும் அவர் குருவையும் ஒருசேரக் குறைப்பது. அண்ணன் பாவலர் வரதராஜனுடன் ஊர் ஊராகக் கச்சேரி செய்து, ஆர்மோனியமும் மெட்டும் கைவந்த பிறகுதான் அவர் சென்னைக்கு வந்தார். வந்தவர் என்ன செய்தார்? தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுப்பகுதி. வாசிக்கத் தெரியாமல் போகவில்லை, வாசிக்கத் தெரிந்துதான் போனார். பெரியவர்கள் குருவைத் தேடுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழில் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிப் பேராசிரியர், பாளையங்கோட்டை
கே: வாத்தியார் இல்லாமல் பெரிய ஆளான பியானோ கலைஞர் ஒருவர்கூட உலகத்தில் இல்லையா?
ப: இருக்கிறார்கள். அவர்கள் கதையைப் பாதியில் நிறுத்தாமல் கேட்டால் சரி. ரஷ்யாவின் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர், அப்பாவிடம் கொஞ்சம் அடிப்படை கற்றதோடு சரி, மற்றதைத் தானே வாசித்துத் தேறினார். ஒடெஸ்ஸா ஆப்பரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கைகளில் ஒன்று அது. அந்தக் கையோடு 1937-இல், இருபத்திரண்டு வயதில், மாஸ்கோவுக்குப் போய் ஹென்ரிக் நெய்ஹாஸிடம் மாணவராகச் சேர்ந்தார்.

மறுபக்கம் அமெரிக்காவின் இர்விங் பெர்லின். 'ஒயிட் கிறிஸ்மஸ்' பாட்டை இயற்றியவர். தானாகவே கற்றார், கடைசிவரை பெரும்பாலும் எஃப் ஷார்ப்பில், நம் கணக்கில் நாலரைக் கட்டையில், கறுப்புக் கட்டைகளை நம்பியே வாசித்தார். வேறு சுருதி வேண்டுமென்றால் பியானோவில் பொருத்திய ஒரு நெம்புகோலைத் தள்ளுவார், உள்ளே இயந்திரம் சுருதியை மாற்றிக்கொள்ளும். மெட்டை நொட்டேஷனில் எழுதித்தர ஆள் வைத்திருந்தார். வாத்தியார் வேண்டாம் என்றால் உங்களுக்கும் இரண்டு வழி: ரிக்டராகப் பிறந்து இருபத்திரண்டு வயதுவரை சமாளிக்கலாம், அல்லது விசேஷப் பியானோ ஒன்றும் உதவியாளர் ஒருவரும் வாங்கலாம்.

ஆட்டோ ஓட்டுநர், வேலூர்
கே: எனக்கு பாக், பீத்தோவன் எல்லாம் வேண்டாம். நாலு சினிமாப் பாட்டு வாசித்தால் போதும். அதற்குமா வாத்தியார்?
ப: அதற்கு அதிகம் தேவையில்லை. வலது கையில் மெட்டு, இடது கையில் கார்டு, அதாவது சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள். பல பாட்டுகளை மூன்று நான்கு கார்டுகளில் ஒப்பேற்றிவிடலாம். ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் யாரிடமாவது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சி கார்டிலிருந்து எஃப் கார்டுக்குப் போக, புதிதாகக் கற்பவர்கள் கையைத் தூக்கி அடுத்த இடத்தில் வைப்பார்கள். தூக்கவே வேண்டாம். சி, ஈ, ஜி பிடித்த கையில் சி அப்படியே இருக்கட்டும். ஈ பக்கத்து எஃப்புக்கும், ஜி அடுத்த வெள்ளைக் கட்டையான ஏ-க்கும் நகரட்டும். அதுவே எஃப் கார்டு. ஐந்து நிமிடப் பாடம்தான். தெரியாவிட்டால் ஐந்து வருடம் குதித்துக்கொண்டிருப்பீர்கள்.

வழக்கறிஞர், சென்னை
கே: ஒரு மணி நேரம் வாசித்தால் முன்னங்கை வலிக்கிறது. வலித்தால்தான் முன்னேற்றம் என்கிறார் நண்பர்.
ப: நண்பர் ஜிம்முக்குப் போகிறவராக இருப்பார். பியானோவில் வலி என்றால் நிறுத்து என்று பொருள். ராபர்ட் ஷூமனுக்கு இருபதுகளின் தொடக்கத்திலேயே வலது கை விரல் கெட்டுப்போனது; மேடைக் கலைஞராகும் கனவை விட்டு இசையமைப்பாளரானார். ரஷ்யாவின் ஸ்க்ரியாபின், மாணவப் பருவத்தில் கடினமான உருப்படிகளை அளவுமீறிப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இடது கை மட்டுமே வாசிக்கும்படி இரண்டு உருப்படிகளை 1894-இல் எழுதினார், இன்றும் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அழியாப் புகழாவது மிஞ்சியது. நமக்கு மிஞ்சுவது பிசியோதெரபி பில்.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை நாற்காலி பெரும்பாலும் தாழ்வு, ஒரு மெத்தை போடுங்கள். செல்போனைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு நிமிடம் படம்பிடியுங்கள். தோள் எங்கே இருக்கிறது, மணிக்கட்டு எங்கே தொங்குகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டால் வாத்தியாரிடம் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

புதிதாக வாங்கப்போகிறவர், புதுச்சேரி
கே: பியானோவா, கீபோர்டா? கடைக்காரர் குழப்புகிறார்.
ப: கடைக்காரர் குழப்புவதில்லை, உங்கள் பர்ஸை எடைபோடுகிறார். பியானோ என்பது சுத்தியலால் கம்பியைத் தட்டும் வாத்தியம். இத்தாலியின் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் இதை உருவாக்கினார். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி, வித்தை எல்லாம் அந்த விரல் எடையில்தான். ஆகவே 88 கட்டையும், சுத்தியலின் கனத்தைக் கையில் உணர்த்தும் 'வெயிட்டட்' கட்டைகளும், ஒரு பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோ உத்தமம். கை கடிக்குமென்றால் 61 கட்டைக் கீபோர்டில் தொடங்கலாம், அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறுகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாறாவிட்டால் அது பொம்மை. அசல் பியானோவுக்கு ஆசைப்பட்டால், உங்கள் ஊர் கடற்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மரம். வருடம் இருமுறையாவது டியூனர் வர வேண்டும். அவர் உங்கள் ஊருக்கு வருவாரா என்று கேட்டுவிட்டுக் காசை எண்ணுங்கள்.

பாட்டு டீச்சர், கும்பகோணம்
கே: கர்நாடக சங்கீதம் இருபது வருடமாகப் பாடுகிறேன். பியானோவுக்கு அது உதவுமா, உபத்திரவமா?
ப: இரண்டும். சி-யை ஆதார ஷட்ஜமாக வைத்தால் வெள்ளைக் கட்டைகள் முழுக்கத் தீரசங்கராபரணம். வழி தெரிந்த தெரு. தாளம் உள்ளங்கையில் இருக்கிறது, மற்றவர்கள் மாதக்கணக்கில் போராடுவது அதற்குத்தான். உபத்திரவம் எங்கே வரும்? கட்டை அசையாது, கமகத்துக்கு இடமில்லை. உங்கள் விரல் பழக்கதோஷத்தில் கட்டையை ஆட்டிப் பார்க்கும், பியானோ மசியாது. அடுத்த சிக்கல் இடது கை. பாட்டில் ஒரே வரி, இங்கே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வரி. சிக்கில் குருசரணின் பாட்டோடு அனில் சீனிவாசன் பியானோ வாசிக்கும்போது கவனியுங்கள். கமகத்தைப் பாடகரிடம் விட்டுவிட்டு, பியானோ தன்னால் முடிந்ததைச் செய்யும். உங்களுக்குத் தேவை ஸ்வரம் சொல்லித்தருபவர் அல்ல. இரண்டு கைகளைப் பிரித்து வைப்பவர்.

பத்திரப்பதிவு அலுவலர், சேலம்
கே: ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்காமல் சமாளிக்க முடியாதா? அந்த ஐந்து கோட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.
ப: முடியும். எரோல் கார்னர் என்ற ஜாஸ் மேதை கடைசிவரை நொட்டேஷன் படிக்கவில்லை. பால் மெக்கார்ட்னியும் படிப்பதில்லை. இருவருக்கும் இருந்த காது உங்களுக்கு இருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: நொட்டேஷன் தெரியாதவருக்கு ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் ஓர் ஆள் வேண்டும், வாத்தியாரோ வீடியோவோ. தெரிந்தவர் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார். வாத்தியாரே வேண்டாம் என்பவர்தான் முதலில் நொட்டேஷன் படிக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழையே படிப்பவருக்கு ஐந்து கோடு எம்மாத்திரம்?

விற்பனைப் பிரதிநிதி, ஓசூர்
கே: மெட்ரோனோம் பழுதாகிவிட்டதென்று நினைக்கிறேன். நடுவில் வேகம் மாறுகிறது.
ப: மாறுவது அது இல்லை. மெல்செல் 1815-இல் காப்புரிமை பெற்ற, தாளம் காட்டும் கருவி. அன்றிலிருந்து இதே புகார்தான். பீத்தோவன் குறித்துவைத்த வேகங்கள் நம்ப முடியாத அளவுக்கு அதிகம் என்பதால், அவருடைய மெட்ரோனோம் பழுது என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தைப் பீத்தோவனுக்கு மட்டும் அனுமதிப்போம்.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்
கே: ஒரே வாரத்தில் 'ஃபர் எலிஸ்' வாசிக்கக் கற்றுவிட்டேன்!
ப: முதல் பகுதியைத்தானே? உலகமே அந்தப் பகுதியைத்தான் கற்றிருக்கிறது. தைவானில் குப்பை வண்டியே அதை இசைத்துக்கொண்டுதான் தெருவுக்குள் வருகிறது. அடுத்த பகுதியில் வலது கை விறுவிறுவென்று ஓடும் இடம் வரும். அங்கே போனதும் ஒரு நல்ல ஆசிரியரின் முகவரியைக் கேட்டு மறுபடி எழுதுங்கள்.

அரசு மருத்துவர், விழுப்புரம்
கே: மூச்சுவிட நேரமில்லை. பயிற்சிக்கு எங்கே போவேன்?
ப: லண்டனில் 'கார்டியன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், விக்கிலீக்ஸ் பரபரப்பு நடந்த அதே காலத்தில், தினமும் இருபது நிமிடம் ஒதுக்கி ஷோப்பனின் முதல் பல்லாடைக் கற்க முயன்றார். பெரிய கலைஞர்களே பயப்படும் உருப்படி. அந்த அனுபவத்தை 2013-இல் புத்தகமாகவும் எழுதினார். சின்ன வயதில் பியானோ கற்றவர் என்பதையும், வழிநெடுக ஆசிரியர்களிடம் ஓடியவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இருபது நிமிடம் உங்களுக்கும் கிடைக்கும். முதலிலிருந்து கடைசிவரை வாசித்து அதை வீணாக்காதீர்கள். தடுக்கும் இரண்டு வரியை எடுங்கள். வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு இரண்டும் சேர்த்துப் பாதி வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். மருந்தை ஒரே நாளில் விழுங்கச் சொல்வீர்களா, டாக்டர்?

ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, சென்னை
கே: வகுப்பில் என் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன். என்னைவிட நன்றாக வாசிக்கிறான். கூச்சமாக இருக்கிறது.
ப: அவனுக்கு உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கும். இரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் நிர்வாகி, சிங்கப்பூர்
கே: சென்னையில் இருக்கும் மாஸ்டரிடம் ஆன்லைனில் கற்கலாமா?
ப: கற்கலாம், மூன்று நிபந்தனைகளோடு. கேமரா உங்கள் முகத்தைக் காட்டக் கூடாது; பக்கவாட்டிலிருந்து கையையும் முழங்கையையும் காட்ட வேண்டும். பேச்சுக்காகச் செய்த செயலிகள் பியானோ ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடுங்கள். ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், கச்சேரி அடிதடியாகிவிடும். ஊருக்கு வரும்போது ஒரு தடவையாவது நேரில் உட்காருங்கள்.

பெயர் வேண்டாம், சாத்தான்குளம் பக்கம்
கே: எங்கள் ஊரில் பியானோ வாத்தியாரே கிடையாது.
ப: சாத்தான்குளம் பக்கம் இருந்துகொண்டா சொல்கிறீர்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நில்லுங்கள். கீபோர்டோ ஆர்கனோ வாசித்தவர் கடைசியாக, வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவார். அவர் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் சொல்லிக்கொடுக்கும் ஆளைச் சொல்வார்.

தனியார் நிறுவன மேலாளர், ஸ்ரீபெரும்புதூர்
கே: நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?
ப: ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். நீங்கள் வாசிக்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது? உங்கள் கையில் என்றால் நல்லது. செல்போனில் என்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். எந்தப் பாட்டுக்காக வந்தீர்கள் என்று கேட்டாரா? பெரியவர்கள் வேறு யாராவது அவரிடம் கற்கிறார்களா? ஒரு விஷயம் புரியவில்லை என்றதும் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா? அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அவரே வாசித்துக் காட்டினார் என்றால், அவருக்குத் தேவை மாணவர் அல்ல, சபா.

பட்டயக் கணக்காளர், காரைக்குடி
கே: கிரேடு பரீட்சை எழுத வயது வரம்பு உண்டா? எழுதினால் பயனுண்டா?
ப: வரம்பில்லை. லண்டன் டிரினிட்டியும், 1889-இல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம்-மும் எட்டு கிரேடு வரை நடத்துகின்றன. ஏ.பி.ஆர்.எஸ்.எம்-மில் ஐந்தாம் கிரேடுக்குமேல் போக, ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடான தேர்வில் தேறியிருக்க வேண்டும். கெடு இல்லாவிட்டால் வேலை நடக்காதவர்களுக்குப் பரீட்சை நல்லது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தைப் பார்த்தவர் நீங்கள், கெடுவின் மகிமை தெரியும். ஆனால் வருடத்துக்கு மூன்றே பாட்டு வாசித்துச் சான்றிதழ் சேர்ப்பதானால், மாட்ட ஆணியும் சுத்தியலும் வாங்கினால் போதும், பியானோ எதற்கு?

குடும்பத் தலைவர், நாமக்கல்
கே: சரி, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை நாளைக்கு வாத்தியார் வேண்டும்? ஆயுள் முழுக்கவா?
ப: இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் பாதிப் பக்கம் மிச்சம். வாத்தியாரை உண்டு, இல்லை என்று பார்க்காதீர்கள்; எப்போது எவ்வளவு என்று பாருங்கள். கை பழகும் முதல் சில மாதங்கள் வாரம் ஒரு முறை கட்டாயம், தப்புகள் வேர்விடுவது அப்போதுதான். பிறகு மாதம் இருமுறை. அதன் பிறகு, சிக்கிக்கொள்ளும்போது மட்டும். எப்போது குறைக்கலாம்? வாசித்ததைப் பதிவுசெய்து, ஒரு நாள் விட்டுக் கேளுங்கள். இருக்கும் பிழைகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போய், அவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். அவர் பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் பட்டியலிலும் இருந்தால், வாத்தியாரின் காது உங்களுக்கு வந்துவிட்டது. இனி ஃபீஸைக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல வாத்தியார் இதற்குச் சந்தோஷப்படுவார்; படாவிட்டால் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

இசை ரசிகர், நாகர்கோவில்
கே: வாத்தியாரிடம் கற்றவரையும் தானாகக் கற்றவரையும் கேட்டால் வித்தியாசம் தெரியுமா?
ப: எல்லாம் சரியாகப் போகும்வரை தெரியாது. ஒரு தப்பு விழட்டும். தானாகக் கற்றவர் "ஒரு நிமிஷம்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். மற்றவர் நிற்காமல் வாசித்துக்கொண்டே போவார், நமக்குத்தான் தப்பாகக் கேட்டதோ என்று நினைக்கும்படி.